சங்கிலியில் ஒரு புதுக் கண்ணி

ரிக்மோருக்குப் பொறாமை பிறவிக் குணம். அப்படித்தான் என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்வாள்; விட்டுவிடேன் என்று சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவாள். முப்பது வருடம் கடைத்தெரு ரொட்டிக்கடையில் நின்றவள். பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் யாராவது கறுப்பு ரொட்டி வாங்கிவிட்டால் போதும், அன்று சாயந்திரம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். புருஷன் எயினார் படகு இயந்திரம் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையும் துறையில் படகே கதி என்று கிடப்பான். "அதையே கட்டியிருக்க வேண்டியதுதானே" என்று அவள் கேட்டதை ஊரில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனை அடக்கம் செய்த அன்றுகூட, தன்னைவிடச் சத்தமாக அழுதது யார் என்று திரும்பிப் பார்த்தாளாம். அவனுடைய ஒன்றுவிட்ட தங்கைதான் என்று தெரிந்த பிறகே நிம்மதியாக அழுதாள்.

இப்படிப்பட்டவளோடு அறுபது வருடத்துக்கும் மேலாகச் சிநேகம் வைத்திருந்தவள் அஸ்தா ஒருத்திதான். சின்ன வயதில் தேவாலயத்தில், ஞானஸ்நானத்தை உறுதி செய்கிற திடப்படுத்தல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், அதிலிருந்து பிரிந்ததில்லை. அஸ்தா பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள். பூசின மாதிரி உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஊரில் அவளைப் பிடிக்காதவர்கள் கிடையாது. ரிக்மோரின் ஆயுட்காலக் கஷ்டமே அதுதான் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

இருவரும் விதவைகள் ஆனார்கள். அஸ்தா, ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரையோரம் முதியவர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தாள். ரிக்மோர் மேட்டில் எயினார் கட்டிய வீட்டிலேயே இருந்துவிட்டாள். அஸ்தாவுக்கு முழங்கால் போய்விட்டதால் மேடு ஏற முடியாது. எனவே ரிக்மோர்தான் இறங்கிப் போவாள். "ரெண்டு வருஷமா என் வீட்டுப் படிய மிதிக்கல அவ" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள். அதற்காக ஒரு சனிக்கிழமைகூடப் போகாமல் இருந்ததில்லை.

அந்த ஊர் முதியோர் சங்கத்தில் காலைச் சங்கிலி என்று ஒன்று இருந்தது. துறைமுகத் தெருவில் ஒரு மனிதர் கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்து, அடுத்தவர்களுக்கு அது தெரியாமலே போன பிறகு, சங்கத்தை நடத்தும் ஹென்னி ஆரம்பித்து வைத்தது. தனியாக இருக்கும் எட்டுப் பேர். காலை எட்டு மணிக்கு முதல் ஆள் இரண்டாம் ஆளுக்குப் போன் போட வேண்டும், அவர் மூன்றாம் ஆளுக்கு. இப்படியே போய்க் கடைசி ஆள் திரும்ப முதல் ஆளைக் கூப்பிட்டால் வட்டம் முடிந்தது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாராவது எடுக்கவில்லையென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட வேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால், அவர் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குச் சொல்ல வேண்டும். சாவிக்காரர் போய்க் கதவைத் திறப்பார்.

முதல் ஆள் ரிக்மோர். ரொட்டிக்கடைப் பழக்கத்தில் விடியுமுன்பே எழுந்துவிடுகிறவள் ஆயிற்றே. இரண்டாம் ஆள் அஸ்தா. கடைசி ஆள் தோர்வால்ட், பழைய மீன்காரர். அவர் போனில் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்: "உசுரோட இருக்கேன்." சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

வளவளவென்று பேசக் கூடாது, பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள் என்பது விதி. ரிக்மோரும் அஸ்தாவும் அதை மதித்த நாளே இல்லை. ஆளுக்கொரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு, யார் வீட்டுத் திரைச்சீலை மாறியிருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து ஊரையே அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். ரிக்மோருக்கு நாள் என்பது அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்கியது. அவளுடைய வீட்டுச் சாவி அஸ்தாவிடம் ஒரு நீல டப்பாவில் இருந்தது. அஸ்தாவின் சாவி இவளுடைய கைப்பை வளையத்தில்.

இந்த அழகில் போய்க்கொண்டிருந்தபோது இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தாள் விபேக்கா. கோபன்ஹேகன்காரி. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களை நடக்கவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அஸ்தாவுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். எழுபது வயது, கட்டையாக வெட்டிய தலைமுடி, மஞ்சள் மழைக்கோட்டு. நவம்பரிலும் காலையில் ஃபியோர்டில் முங்கி எழுந்து சிவந்த முகத்தோடு போவாள். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் சங்கத்தின் செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி வகுப்பு அவள் கைக்குப் போய்விட்டது. முன்பு ஐந்தாறு பேர் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கி வழிந்த கூடத்தில் இப்போது நாற்காலி போதவில்லை. தோர்வால்ட்கூடப் போகிறார் என்று கேள்விப்பட்டு ரிக்மோரும் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். முழங்காலைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். காப்பிக் கூஜா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அஸ்தா இன்னொருத்தி சொல்வதைக் கேட்டுக் கையைக் காலை ஆட்டுவதைப் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. விபேக்காவும் தனியாக இருப்பவள்தானே, அவளையும் சங்கிலியில் சேர்க்கலாமே என்று ஹென்னி வந்து நின்றாள். அஸ்தாவுக்குப் பக்கத்து வீடு என்பதால் அஸ்தாவுக்கு முன்னால் போட்டுவிடலாம். ரிக்மோர் விபேக்காவைக் கூப்பிடட்டும், விபேக்கா அஸ்தாவைக் கூப்பிடட்டும். கேட்டபோது ரிக்மோர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது? நல்லதுதானே, தாராளமாக என்று பல்லைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள்.

மறுநாளிலிருந்து எட்டு மணி என்றாலே கசந்தது. அவள் கூப்பிட்டதும் விபேக்கா எடுத்து, வழியப்போகிற இனிமையோடு விசாரிப்பாள். இவள் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு வைப்பாள். வைத்த கையோடு அஸ்தாவின் எண்ணைச் சுழற்றிப் பார்ப்பாள். லைன் பிஸி. காப்பி ஊற்றிவிட்டு வந்து பார்த்தாலும் பிஸி. தட்டைக் கழுவிவிட்டு வந்தாலும் பிஸிதான். அப்படி என்ன பேசுகிறார்கள்? போன வாரம் வரைக்கும் தான் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டு, தனக்குச் சேர வேண்டிய சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது. ஹென்னியிடம் போய், விதி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா, ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசினால் சங்கிலி எதற்கு என்று நியாயம் கேட்டாள்.

ஹென்னி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசாததா?"

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வேறு வழியும் கண்டுபிடித்தாள், சும்மா சொல்லக் கூடாது. விபேக்காவை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டால் அஸ்தாவோடு பேச நேரம் குறையுமல்லவா? கோபன்ஹேகனில் எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்பாள். ஊறுகாய் மீனுக்குச் சர்க்கரை எவ்வளவு போடுவீர்கள் என்பாள். ஒரு நாளும் கோபன்ஹேகன் போகப்போவதில்லை, ஊறுகாய் மீன் போட அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை. விபேக்கா பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அந்தப் பொறுமை இன்னும் எரிச்சல். அப்புறமும் அவர்கள் இருவரும் பேசுவது பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சங்கிலி சுற்றி வர நேரமாகி, கடைசியில் தோர்வால்ட் கூப்பிடும்போது அவருடைய ஒற்றை வாக்கியம் இரண்டாகியிருந்தது. "உசுரோட இருக்கேன். கஞ்சி ஆறிப்போச்சு."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வழக்கம்போல் இறங்கிப் போனாள். அஸ்தா வீட்டு வாசலில் விபேக்காவின் பூட்ஸ் கிடந்தது. இவள் கொண்டுபோன பாதாம் வைத்த கிரிங்கிள் இனிப்பு ரொட்டியை விபேக்காதான் வெட்டினாள், எந்த இழுப்பறையில் கத்தி இருக்கிறது என்று கேட்காமலே. ரிக்மோர் அதைப் பார்த்தாள். விபேக்கா எழுந்து போன பிறகு அஸ்தா, ஏதோ உப்பு கேட்பது மாதிரி, கேட்டாள்.

"என் சாவி உன்கிட்ட இருக்குல்ல, அத விபேக்காகிட்ட குடுத்துடலாமாடி? அவ சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கா. எனக்கு ஒண்ணுன்னா நீ இந்தப் பனியில மேட்டுல இருந்து எறங்கி வரணும், பாவம்."

சாவியை வளையத்திலிருந்து கழற்ற ரிக்மோருக்கு நகம் மடங்கியது. "எடுத்துக்கோ. எனக்கும் பை பாரம் கொறஞ்சுது" என்றாள்.

சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் அவளைக் கொன்றது. நியாயம் இல்லாதிருந்தால் சண்டை போட்டிருப்பாள். மேடு ஏறி வரும்போது வழி நெடுக விபேக்காவைக் கரித்துக்கொட்டினாள். வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றும்போது அஸ்தாமேல் கோபம் வந்தது. படுக்கையில் விழுந்த பிறகு, அஸ்தாவுக்குத் தான் இன்னும் வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வி மிஞ்சியது. தன் சாவி இன்னும் அந்த நீல டப்பாவில் இருக்கிறதா? இல்லை, அதையும் யாரிடமாவது தூக்கிக் கொடுத்தாயிற்றா? தனக்கு ஒன்று என்றால் அதை எடுத்துக்கொண்டு யார் வருவார்கள்?

புதன்கிழமை காலையில் அவள் செய்தது பச்சைப் பிள்ளைத்தனம். எழுந்தாள், முகம் கழுவினாள், தலை வாரினாள், நீலக் கம்பளிச் சட்டை போட்டாள். காப்பியை ஊற்றிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு மணி ஆயிற்று. கூப்பிடவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. விபேக்காவாகத்தான் இருக்கும். அடிக்கட்டும். நின்றது, மறுபடி அடித்தது. நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. இப்போது விபேக்கா சாவிக்காரிக்குச் சொல்லியிருப்பாள். இப்போது அஸ்தாவுக்குத் தெரிந்திருக்கும். ரிக்மோருக்குப் பயம் இல்லை. பரீட்சை வைத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கிறவளின் பரபரப்பு. மஞ்சள் கோட்டு வந்து கதவைத் திறந்தால் எல்லாம் முடிந்தது, இனி சனிக்கிழமை கிடையாது, ஒன்றும் கிடையாது. அஸ்தா ஹென்னிக்கு ஒரு போன் போட்டுவிட்டு இருந்துவிட்டாலும் அப்படித்தான். அஸ்தாவே மேடு ஏறி வருவாள் என்று உண்மையில் அவள் எதிர்பார்த்தாளா என்று கேட்டால், இல்லை. ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து வெளியே ஒரு அலறல் கேட்டது.

செருப்போடு ஓடினாள். கேட்டுக்குக் கீழே சரிவில், கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்த நடைபாதையில் அஸ்தா உட்கார்ந்திருந்தாள். கோட்டுப் பொத்தான் போடவில்லை. சங்கத்தில் ஆளுக்கொரு ஜோடி கொடுத்திருந்தார்களே, பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை, அதையும் மாட்டவில்லை. வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடது கை மூடியிருந்தது, விரலிடுக்கில் சாவி தெரிந்தது.

அவள் நிமிர்ந்து ரிக்மோரைப் பார்த்தாள். "உசுரோட இருக்கியாடி?" என்றாள். அதற்குப் பிறகுதான் வலி தெரிந்து அழ ஆரம்பித்தாள்.

பின்னாலேயே விபேக்கா மூச்சு வாங்க ஏறி வந்தாள், ஒரு கையில் அஸ்தா விட்டுவிட்டு வந்த ஊன்றுகோல், ஒரு கையில் ஆணிப்பட்டைகள்; அவற்றை எடுக்கப் போனதில்தான் பிந்திவிட்டாள். வந்ததும் கோட்டைக் கழற்றி அஸ்தாமேல் போர்த்தி, மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். ரிக்மோர் உள்ளே ஓடிக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். போன் அடித்தது கேட்கவில்லையா என்று விபேக்கா கேட்டாள்.

"குளிச்சிட்டு இருந்தேன்" என்றாள் ரிக்மோர்.

விபேக்கா அவளுடைய வாரிவிட்ட, காய்ந்த தலைமுடியைப் பார்த்தாள், கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டையைப் பார்த்தாள். ஆம்புலன்ஸில் அஸ்தாவை ஏற்றும்போதுதான் தணிந்த குரலில் சொன்னாள். "சாவியக் குடுங்க, நான் ஓடிப்போய்ப் பாக்கறேன்னு எவ்வளவோ கெஞ்சினேன். ரிக்மோர் சாவிய யார் கையிலயும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

இதைக் கேட்டதும் ரிக்மோருக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? சந்தோஷம். முதலில் வந்தது சந்தோஷம்தான், சீ என்று போகிற மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். அவமானம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்ததோ போகவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அஸ்தா மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். காப்பி போட்டது விபேக்கா. பாவம், ரிக்மோர் என்ன செய்வாள், குளித்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படிக் கேட்கும் என்று அஸ்தா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரிக்மோர் தலை குனிந்தாள்.

"தண்ணிச் சத்தத்துல கேக்காதுதான்" என்றாள் விபேக்கா, கோப்பையில் பால் ஊற்றிக்கொண்டே.

ரிக்மோருக்குச் சுருக்கென்றது. தெரிந்தே காப்பாற்றுகிறாள். இனி வாழ்நாள் முழுக்க இவள் பெருந்தன்மையை வாங்கிக்கொண்டு, இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அஸ்தாவுக்குத் தெரியாத ஒன்றை இவளோடு பங்கு போட்டுக்கொள்வதா? திட்டு வாங்கினாலும் வாங்கலாம், இதை வாங்க முடியாது. அவள் உண்மையைச் சொன்னது நல்ல மனசால் இல்லை, அந்தப் பொறாமையால்தான்.

"நான் குளிக்கல" என்றாள். "வேணும்னேதான் எடுக்கல."

அஸ்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"யார் வராங்கன்னு பாக்க."

விபேக்கா எழுந்து சமையலறைக்குப் போகப் பார்த்தாள். உட்காரு என்று அஸ்தா கையைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஃபியோர்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கப் பிறந்த முகம் அது. சிரிப்போ அழுகையோ இல்லாமல் ரிக்மோர் அதைப் பார்த்ததே இல்லை.

"நான் வந்தேன்ல?" என்றாள் அஸ்தா. "பாத்தியா?"

"பாத்தேன்."

"தெனம் காலைல இவகூட என்ன பேசறேன், என்ன பேசறேன்னு ஹென்னிகிட்ட போய்க் கேட்டியாமே. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, சமையல்கட்டுத் தொட்டியப் பிடிச்சுகிட்டு ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுவா. நானும் கொக்கு மாதிரி நிப்பேன். எதுக்கு? ஈஸ்டருக்கு உன் வீட்டு மேட்டுல நானே ஏறி வந்து நிக்கணும், நீ வாயப் பொளக்கணும்னு ஆசை. முன்னாடியே ஏற வெச்சுட்ட."

ரிக்மோர் அழுதாள். அஸ்தா அதைத் தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். ரிக்மோரே போய் எடுத்துவந்து மடியில் வைத்தாள். இடது கையால் மூடியைத் திறக்க அஸ்தா சிரமப்பட்டாள். யாரும் உதவவில்லை. சாவியை எடுத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, விபேக்காவின் கையில் வைத்தாள்.

"என்னால இனிமே ஓட முடியாதுடி. நீ எடுக்கலைன்னா இவ வருவா."

திட்டியிருந்தால் ரிக்மோர் பதிலுக்குப் பேசியிருப்பாள், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். விபேக்கா சாவியை எந்தப் பையில் போடுகிறாள் என்று மட்டும் பார்த்தாள். மஞ்சள் கோட்டின் உள்பை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரிக்மோர் விபேக்காவின் எண்ணைச் சுழற்றினாள். விபேக்கா உடனே எடுத்தாள். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் வழக்கமான கேள்விகளுக்குக் காத்து நின்றாள். "அந்த பஸ் விஷயம் கேட்டீங்களே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு..."

"பஸ் கெடக்கட்டும். வைங்க" என்றாள் ரிக்மோர். "அஸ்தா போன் பக்கத்துல உக்காந்திருப்பா."

வைத்துவிட்டாள். வயிறு எரியாமல் இல்லை, எரிந்தது. அஸ்தாவின் எண்ணைச் சுழற்றிப் பார்க்க விரல் துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். காப்பி ஆறியது. சங்கிலி வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றி வந்தது, அப்படியென்றால் அங்கே ஒருத்தி கட்டுப்போட்ட கையோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள்.

"உசுரோட இருக்கேன்" என்றார் தோர்வால்ட்.

"நானும்தான்" என்றாள் ரிக்மோர்.